வராந்தா அலமாரி

வேறு மாநிலத்தில், தார்நாகாவில் எம்.சி.ஏ. படித்தபோது, இருவர் தங்க வேண்டிய ஹாஸ்டல் அறையில் மூன்றாவதாக என்னைச் சொருகினார்கள். அலமாரி இரண்டுதான், இரண்டும் மற்றவர்களுக்கு. எனக்கு ஜன்னலோரக் கட்டிலும் அதன் அடியும். நான் சளைக்கவில்லை. கட்டடம் கட்டுகிற இடத்தில் எட்டுச் செங்கல் கேட்டு வாங்கிக் கட்டில் கால்களை உயர்த்தினேன். அடியில் பெட்டி, புத்தகங்கள், பொடி டப்பாக்கள். தலையணை உறைக்குள் தலையணைக்குப் பதில் ஸ்வெட்டரும் போர்வையும். பக்கத்து அறைக்காரிகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழை என் சாமர்த்தியத்தை மதிக்கவில்லை. ஒருநாள் ஜன்னல் வழியாக அடித்த சாரல் தரையில் தேங்கிப் பெட்டிக்குள் புகுந்துவிட்டது. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டுகள் ஓரம் நனைந்து, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் முத்திரை கரைந்திருந்தது. அடுத்த வாரம் கச்சிபௌலி கம்பெனி ஒன்று கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வருகிறது. ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எல்லாவற்றையும் ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது.

வராந்தாவில் ஆறு இரும்பு அலமாரிகள் பூட்டியே கிடந்தன. படிப்பு முடிந்து போகும் சீனியர்கள் பூட்டைக் கழற்றாமல், சாவியைத் தங்கள் ஊர்ப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். வரங்கல்காரிக்கு வரங்கல்காரி, குண்டூர்காரிக்கு குண்டூர்காரி. திருநெல்வேலிக்காரிக்கு யார் கொடுப்பார்கள்? கடைசி அலமாரியின் பூட்டு துருப்பிடித்திருந்தது. யாருடையது என்று மூன்று நாள் அறை அறையாகக் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆனால் "நக்கோ", வேண்டாம், என்று தடுக்க மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. நாலாம் நாள் செங்கல்லால் ஒரே போடு. உள்ளே ஓர் ஓட்டை வாளியும் கிழிந்த கொசுவலையும்தான் இருந்தன. இதற்கா இத்தனை காவல்? மார்க்‌ஷீட்டுகளை அதில் வைத்தேன்.

மறுநாள் காலை வார்டன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"கைக்கு தோடா?" ஏன் உடைத்தாய் என்று அதட்டினார்.

"சொந்தக்காரியைக் காட்டுங்கள், புதுப் பூட்டு வாங்கித் தருகிறேன்" என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன்.

வார்டன் உடனே ஊரில் என் அப்பாவின் கடைக்குப் போன் போட்டுவிட்டார். அப்பாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. வார்டனுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு நிமிடம் ஹலோ ஹலோ என்று போராடிவிட்டு, "நீயே சொல், அவர் சொல்வதை எனக்குச் சொல்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"ஏட்டி, என்ன செஞ்ச?"

"சர்டிபிகேட் நனஞ்சு போச்சுப்பா. ஒரு பழைய பூட்ட ஒடச்சு உள்ள வச்சேன்."

"பொம்பளப் புள்ள செய்யுத காரியமாட்டி இது? அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு அலமாரியத் திருப்பிக் குடு. இல்லன்னா படிச்சது போதும், கெளம்பி வா."

படிச்சது போதுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன சொல்கிறார்?" என்றார் வார்டன்.

"என் மகள் சர்டிபிகேட்டுக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்."

போனில் அப்பா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என் மொழிபெயர்ப்புக்கு வசதியாக இருந்தது. வார்டன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரக்லோ" என்றார். வைத்துக்கொள்.

"மன்னிச்சுட்டாங்கப்பா" என்றேன் போனில். "நான் இங்கதான் படிப்பேன்."

இருவரிடமும் பொய் சொன்னேன்தான். அதில் எனக்கு இன்றைக்கும் துளி வருத்தம் கிடையாது.