கம்பத்திலிருந்தே ஓகே

என்னிடம் யாரையும் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் என்று எங்கள் ஜூனியர் இன்ஜினியரான ஜே.இ.யிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. கத்துவேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒரு வாரத்தில் வேறு செக்‌ஷன் கேட்டு ஓடிவிடுவார்கள். அப்படியிருந்தும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பூந்தமல்லிப் பக்கம் இருந்த எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் லைன் ஷெட்டுக்கு ஓர் அம்மாள் வந்து நின்றார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஹேண்ட்பேக், கையில் குடை, காலில் குதிகால் உயர்ந்த செருப்பு.

"இங்க கோவிந்து யாருப்பா?" என்றார்.

குரலைக் கேட்டதும் டீ குடித்துக்கொண்டிருந்த லைன்மேன்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முகத்தை யாரும் பார்த்ததில்லை. குரல் தெரியாத ஆளே கிடையாது. அம்பத்தூரில் பழுதுப் புகார் வாங்கும் டெஸ்க்கில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து எங்களைப் போனிலேயே வறுத்தெடுத்த ஸ்டெல்லாக்கா.

"நான்தான் கோவிந்து. இன்னா வேணும்?"

"வேலை கத்துக்குடு. மூணு மாசம் உன்கூடத்தான் போட்டிருக்காங்க."

விஷயம் இதுதான். டெஸ்க்கில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதிகப்படி என்று சொல்லிவிட்டார்கள். வெளிவேலை கற்றுக்கொண்டு தேறினால் இங்கேயே போன் மெக்கானிக் ஆகலாம். தேறாவிட்டால் தென்கோடி மாவட்டம் ஒன்றுக்கு மாறுதல். அவருடைய வீட்டுக்காரருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை பாக்டரியில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். மாறுதல் வந்தால் அக்கா மட்டும் தனியாகப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். தேறினாரா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவன், அந்த லைன்மேன்களுக்கு மேல் இருந்த நான். எனக்கு நாற்பது வயது, அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

1. சைக்கிள்

முதல் கேள்வியாகக் கேட்டேன். "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏணி ஏறியிருக்கியாக்கா?"

"பரண்ல ஏறியிருக்கேன்."

மூலையிலிருந்து ஒருவன், "கோவிந்தண்ணாத்தே, கம்பத்து மேல ஒரு சேர் போட்டுக் குடுத்துடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அவன் பக்கம் திரும்பினார்.

"நீ குமணன்சாவடி பாபுதானே? போன மழைக்கு, கம்பம் தண்ணியில கீது, ஏற முடியாதுன்னு சொல்லிட்டு மேட்னி ஷோவுக்குப் போனியே, படம் நல்லா இருந்துச்சா?"

அவன் அப்புறம் அந்த மூன்று மாதமும் வாயைத் திறக்கவில்லை.

சைக்கிள் இல்லாமல் வெளிவேலை கிடையாது. எங்கள் செக்‌ஷன் பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிவரை நீளும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரையில் அவருடைய வீட்டுக்காரர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். நான் முன்னால் நின்று கத்துவேன். "தரையைப் பாக்காதே! தரை எங்கயும் போவாது!" விழுந்தார். முழங்கை தோலுரிந்தது. ஹேண்ட்பேக்கை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். குதிகால் செருப்பு போய் கான்வாஸ் ஷூ வந்தது. புடவைக் கொசுவத்தை வாரிச் செருகிக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அதுவரை அவருக்கு மூட்டுவலி, மூச்சிரைப்பு, சாப்பிட்டால் செரிக்காது. பதினெட்டு வருடம் ஒரே நாற்காலி. வெயிலில் சைக்கிள் மிதித்து, ஏணி தூக்கி, கேபிள் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஒரு மாதத்தில் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார் டாக்டர். மதியம் மூன்றடுக்கு டிபன் கேரியரைத் தனியாளாகக் காலி செய்வார். இன்றைக்கு என் தெருக்காரர்கள் பணம் கட்டி, ஜிம்மின் ஏ.சி. அறையில், நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அதே இடத்துக்கு வண்டியில்தான் போகிறார்கள். எரிச்சலாக வருகிறது, வேறென்ன சொல்ல.

2. டயல் டோன்

வெளி ஆட்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். தெருக்கம்பத்தில் டி.பி. பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கேபிள் அதில் வந்து முடியும். அங்கிருந்து வீடு வீடாக ஒயர் போகும். போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் நாங்கள் கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து, டெஸ்ட் போனை மாட்டிப் பார்ப்போம். பழுதைச் சரி செய்ததும் டயல் டோன் வரும். கம்பத்திலிருந்தே டெஸ்க்கைக் கூப்பிட்டு "ஓகே" என்போம். புகார் முடிந்தது. இறங்கி அடுத்த கம்பம்.

வீட்டுக்குள் போக மாட்டோம். அது எங்கள் பழக்கம். போனால் செருப்பைக் கழற்று, நாயைப் பிடி, பில் அதிகமாக வருகிறது என்ற பாட்டைக் கேள். மழைக்காலத்தில் புகார் குவியும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றால் வேலை நகராது. இதற்காக நான் இங்கே மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஸ்டெல்லாக்காவுக்கும் அதைத்தான் கற்றுக் கொடுத்தேன். முதல் நாளே சண்டை.

"வீட்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனே."

"எதுக்கு? டோன் வந்துச்சில்ல?"

"நீங்க ஓகேன்னு சொன்ன மறு நிமிஷம் அவங்க என்கிட்ட அழுவாங்க கோவிந்து. உனக்கென்ன தெரியும்?"

"அக்கா, இப்போ நீ டெஸ்க்குல இல்ல. கம்பத்துல கீற. ஒரு நாளைக்கு எத்தினி முடிச்சேன்னுதான் ஜே.இ. பாப்பாரு. வேலை வேணுமா, மாறுதல் வேணுமா?"

மாறுதல் என்றதும் பேச்சு நின்றுவிடும். மெல்ல மெல்ல அவரும் எங்களைப் போலவே வேகமாகிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

3. லாரி

பயிற்சி முடிய ஒரு வாரம். குமணன்சாவடி அருகே ஒரு டி.பி. பாக்ஸ் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. புதுப் பெட்டி மாட்டி எல்லா ஒயரையும் மாற்ற வேண்டும். அக்காவே ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பத்து இணைப்பிலும் டயல் டோன். "எல்லாம் ஓகே" என்று கம்பத்திலிருந்தே சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் மதியம் ஜல்லி, மணல் ஏற்றும் லாரி ஷெட் ஒன்றின் டிரைவர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"இன்னா சார் லைன் குடுத்துகிறீங்க? காலைலேர்ந்து எங்க ஷெட்டுக்குப் போன் பண்ணி ஸ்கேன் எப்போன்னு கேக்கறாங்க. அப்பாலே ஒருத்தன், அவசரம், வண்டி அனுப்புங்க, ஏரிக்கரை பஸ் ஸ்டாப்புன்னு கத்திட்டு வச்சிட்டான். கிளார்க்கு என்னை அனுப்பினாரு. காலி லாரிய எடுத்துகினு போனா, அங்க ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு ரோட்டோரம் குந்திகினு அழுவுது! நான் இன்னா பண்ணுவேன்? கேபின்ல ஏத்தி, ஆரன் அடிச்சிகினே ஆஸ்பத்திரில கொண்டாந்து விட்டேன். பொம்பளப் புள்ள சார். நல்லா கீது."

அதே டி.பி.யில் லாரி ஷெட்டுக்கு அடுத்த இணைப்பு, டாக்டரம்மா ஒருவர் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரி. அக்கா இரண்டு ஒயரையும் இடம் மாற்றி மாட்டியிருந்தார். இரண்டிலும் டோன் இருக்கும். கம்பத்தில் நின்று பார்த்தால் எல்லாம் சரி. ஆஸ்பத்திரியில் மணி அடித்து எடுத்தால், "ரெண்டு லோடு முக்கா இன்ச் ஜல்லி" என்பார்கள்.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. ஏணியைச் சைக்கிளில் கட்டினார். இருவரும் போய் ஒயரைச் சரியாக மாட்டினோம். கீழே இறங்கியதும் சொன்னேன். "நாளைக்கு டாக்டரம்மா ஜே.இ.கிட்ட வராங்களாம். கேபிள் கேங் தோண்டினப்ப மாத்திட்டாங்கன்னு சொல்லிடலாம். அவனுங்க திருவள்ளூர் பக்கம் போயிட்டானுங்க. யாரு கேக்கப் போறா?"

"பதினெட்டு வருஷமா உங்க கேபிள் கேங் கதையைக் கேட்டிருக்கேன். அப்படி ஒரு கேங் இருக்குதான்னே எனக்கு சந்தேகம்."

"ஜோக் அடிக்காதேக்கா. இந்த வாரம் ரிப்போர்ட். உண்மைய சொன்னா பொட்டிய கட்டிக்கோ."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

4. ஜே.இ. அறை

மறுநாள் டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜே.இ. எங்களைக் கூப்பிட்டார்.

"யார் வேலை இது?"

"சார், அது வந்து, கேபிள்..." என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் சார்" என்றார் அக்கா. "ரெண்டு லைன்லயும் டோன் இருந்துச்சு. ஒவ்வொண்ணா வீட்ல போய்ப் பார்க்காம, கம்பத்துலேர்ந்தே ஓகே சொல்லிட்டேன்."

டாக்டரம்மா எரிந்து விழுந்தார். "நான் தையல் போட்டுட்டு, பேஷண்ட் மூஞ்சியப் பாக்காமலே சரியாயிடுச்சுன்னு வெளிய வந்தா நீங்க விடுவீங்களாம்மா?"

"விடமாட்டேன் டாக்டர். அதனாலதான் நேத்து சாயங்காலம் அந்த டி.பி.யில மிச்சம் இருக்கிற எட்டு வீட்டுக்கும் போனேன். ஏழு சரியா இருக்கு. ஒண்ணுல டோன் வந்துச்சு, மணி அடிக்கல. அதையும் சரி பண்ணிட்டேன்."

அந்த எட்டாவது வீடு எனக்குத் தெரியும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். மகன் துபாயில். அந்த வீட்டுப் புகாரை என் ஆட்கள் பல தடவை கம்பத்திலிருந்தே முடித்திருந்தார்கள். அவரால் வெளியே பேச முடியும். உள்ளே வரும் அழைப்புக்குப் போன் மணி அடிக்காது, அவ்வளவுதான். நாங்கள் ஓகே சொன்னதை நம்பி, மகன்தான் கூப்பிடுவதே இல்லை என்ற கோபத்தில் பொங்கலுக்கு வாழ்த்துக் கார்டு போடுவதைக்கூட நிறுத்திவிட்டாராம். அக்கா போனைக் கழற்றி மணியைச் சரி செய்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மகனுடைய நம்பருக்கு டிரங்க் கால் புக் செய்து கொடுத்திருக்கிறார். பையன் போனில் சத்தம் போட்டானாம்: "எத்தனை தடவை அடிச்சேன், ஏம்பா எடுக்கல?"

டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என் லைன் திரும்பக் கெட்டா இந்தம்மாவை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜே.இ. என்னைப் பார்த்தார். "சொல்லுங்க கோவிந்து. உங்க ரிப்போர்ட் என்ன?"

மனதில் இருந்ததைச் சொன்னேன். "ஸ்பீடு இல்ல சார். மழையில ஏணி ஏற இன்னும் நடுங்குது. இனிமே வீடு வீடா வேற போவும், கணக்கு இன்னும் கொறையும். ஆனா என் ஆளுங்க ஓகே சொன்னா நான் பின்னாலயே போய்ப் பாக்கணும். இந்தக்கா சொன்னா பாக்க வேணாம். எனக்கு இந்த ஆளு வேணும்."

ஜே.இ. செம்பரம்பாக்கம் பகுதியை அக்காவுக்கே தனியாகக் கொடுத்தார். இருந்ததிலேயே மோசமான பகுதி. நீளமான பாதை, வயல், பாம்பு, மழையில் சேறு. மாறுதல் வரவில்லை. அன்று மாலை அக்காவின் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்த கையோடு ஆவடியிலிருந்து சைக்கிளிலேயே வந்து ஷெட்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். பாபுவுக்கு இரண்டு துண்டு.

பார்க்க வேண்டாம் என்று நானே சொன்னாலும் முதல் வாரம் மனம் கேட்கவில்லை. அக்கா முடித்த வீடுகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். முதல் வீட்டிலேயே ஓர் அம்மாள் சொம்பு நிறைய மோரோடு வந்தார்.

"நீதான் கோவிந்தா? பின்னாலயே ஒருத்தன் சிடுசிடுன்னு வருவான், மோர் குடுத்து அனுப்புன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போச்சு."

குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தப் பகுதிக்கு அப்புறம் நான் சரிபார்க்கப் போனதே இல்லை.

இப்போது எனக்கு வரும் மெசேஜ்களைப் பார்க்கிறேன். நெட் வரவில்லை என்று புகார் கொடுத்தால், கொடுத்த கொஞ்ச நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று வருகிறது. யார் வந்தார்கள்? யார் பார்த்தார்கள்? கம்பம்கூட ஏறவில்லை, ஏ.சி. அறையிலிருந்தே ஓகே. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எழுந்து வெளியே போங்கள். கொஞ்சம் வெயில் படட்டும். கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரைப் பேச விட்டுக் கேளுங்கள். வேலை முடிந்தது என்று அவர் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.