ஓடாத மின்விசிறிகளை அளந்த வாரம்

1. தரையோடு கிடந்த கோடு

மின் பயன்பாட்டைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரைக் கழற்றி மடிக்கணினியில் இணைத்தபோது, திரையில் தெரிந்த கோடு ஏறக்குறையத் தரையோடு கிடந்தது. கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தூத்துக்குடியில் அது அரிதல்ல; உப்புக் காற்று எந்த இணைப்பையும் சீக்கிரம் தின்றுவிடும். சென்சாரைத் துடைத்து வேறொரு லைனில் மாட்டிப் பார்த்தேன். கருவி ஒழுங்காகவே வேலை செய்தது. அப்படியானால், புரட்டாசி வெயிலில், மாணவியர் நிறைந்த ஒரு விடுதி ஒரு வாரம் முழுவதும் ஒரு பெட்டிக்கடை அளவுக்குக்கூட மின்சாரம் செலவழிக்கவில்லை என்று பொருள்.

அது உப்பளங்களை ஒட்டிய அரசு விடுதி. உப்பு வாருகிறவர்கள் வீட்டுப் பெண்களும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கே தங்கிப் படித்தார்கள். பழைய கட்டடம். பாதி மின்விசிறிகள் சுழலாது. சுவிட்ச் போர்டுகளில் உப்பு பூத்திருக்கும். எங்கள் நிறுவனத்தின் மின்சிக்கனத் திட்டம் அந்த விடுதிக்குப் புதிய வயரிங், எல்.இ.டி. விளக்குகள், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மின்விசிறிகள் எல்லாவற்றையும் தரவிருந்தது. பொதுத்தேர்வுக்கு முன் வேலை முடிந்துவிடும் என்று மாணவிகளிடம் சொல்லியும் இருந்தார்கள்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எங்கள் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பல அரசுக் கட்டடங்களை ஒரே தொகுப்பாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு வாரம் மின் பயன்பாட்டை அளப்போம். அந்த அளவுக்குப் பேஸ்லைன் என்று பெயர். புதிய சாதனங்களைப் பொருத்திய பிறகு பயன்பாடு அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறதோ, அதுவே சேமிப்பு. அந்தச் சேமிப்புக்குத்தான் எங்கள் நிறுவனம் அரசுத் துறைக்கு உத்தரவாதம் கொடுக்கிறது. பேஸ்லைனே தரையில் கிடந்தால் இறங்குவதற்கு இடமில்லை.

விடுதி வார்டன் ஜெபக்கனி டீச்சர் சாத்தான்குளத்துக்காரர்; பள்ளி ஆசிரியையாக இருந்து வார்டன் பொறுப்புக்கு மாற்றப்பட்டவர். காப்பியோடு வந்தவர், என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். முகத்தில் பரிசளிப்பு விழாவுக்கு வந்தவரின் ஆவல்.

“என்னம்மா, நம்ம விடுதி எப்படி? கொறச்சலாத்தான காட்டுது?”

“ரொம்பக் கொறச்சல் டீச்சர். பிள்ளைங்க ஃபேனே போடுறதில்லையா?”

“நீங்க மீட்டர மாட்டிட்டுப் போனியள்லா, அன்னைக்கே சொல்லிட்டேன். ஏளா, கம்பெனிக்காரங்க அளக்காங்க, ஒருத்தியும் சுவிட்ச்சத் தொடக்கூடாது, நம்ம பேரு கெட்டுரும்னு. பாவம், நோட்டு அட்டையால விசிறிக்கிட்டே படிச்சுதுவ. பன்னெண்டாப்புப் பிள்ள ஒண்ணு புழுக்கத்துல மயங்கிச் சாஞ்சிட்டு. ஆனா ஒருத்திகூட சொல்ல மீறலம்மா.”

அவர் செய்தது அறியாமையால் அன்று. ரீடிங் கூடினால் விளக்கம் கேட்டு மெமோ வரும் ஓர் ஏற்பாட்டுக்குள் அவர் பல ஆண்டுகள் பணிபுரிந்திருந்தார். சாதாரண நாட்களிலேயே குறித்த நேரத்துக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். கருவியோடு வருகிற எவரும் குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர் என்பதே அவர் அனுபவம். குறைவாகக் காட்டினால் நல்ல பெயர், நல்ல பெயருக்குப் புதிய மின்விசிறி என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் கணக்கு அதற்கு நேர் எதிரானது என்பதை, கருவியை மாட்டிய அன்று எங்கள் தரப்பில் ஒருவரும் அவருக்கு விளக்கவில்லை. விளக்குவது வழக்கத்திலும் இல்லை. விளக்கினால் பயன்பாட்டைக் கூட்டிவிடுவார்கள் என்று அஞ்சுவோம்.

2. சேர்மத்துரை சாரின் நியாயம்

எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சேர்மத்துரை சார், ஏரல்காரர். மின் நிலையத்தில் நெடுநாள் வேலை செய்துவிட்டு எங்கள் நிறுவனத்துக்கு வந்தவர். அவரிடம் இரண்டு யோசனைகள் சொன்னேன். ஒன்று, விடுதியை மறுபடி அளப்பது. மற்றொன்று, அங்கே உண்மையில் எரிய வேண்டிய விளக்கையும் ஓட வேண்டிய மின்விசிறியையும் கணக்கிட்டு, அதையே பேஸ்லைனாக வைக்கத் துறையிடம் ஒப்புதல் கேட்பது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீ சொல்லுததுல தப்பில்ல. ஆனா நாளைக்கு ஆடிட்டுக்கு வாரவன் என்ன கேப்பான்? முத அளவு கம்மி, ரெண்டாவது அளவு கூட, கம்பெனி தனக்குத் தோதா ஏத்திக்கிட்டுன்னு சொல்லுவான். அப்பம் மத்த கட்டடத்து அளவையும் நம்ப மாட்டான்.”

“அங்க பிள்ளைங்க வேர்த்து மயங்கி விழுந்திருக்கு சார். அந்த அளவு மட்டும் நம்புற மாதிரியா இருக்கு?”

“அங்கன பாதி ஃபேன் சுத்தாது. நாம புதுசு மாட்டினா அத்தனையும் சுத்தும். யூனிட் ஏறத்தான செய்யும்? ஏறுனத எந்த வாயால சேமிப்புன்னு சொல்லுவ?”

அவர் வாதத்தில் பொய் இல்லை. ஒருமுறை அளந்ததை மறுபடி அளக்கக்கூடாது என்ற ஒப்பந்த விதியும் எங்களைப் போன்ற நிறுவனங்கள் அளவைத் திரிக்காமலிருக்க எழுதப்பட்டதே. ஆனாலும் என்னைத் துறை அலுவலரிடம் அழைத்துப் போனார், பேசவும் விட்டார். அலுவலர் விடுதியின் அளவைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

“ஏற்கெனவே சிக்கனமா இருக்காங்களே, அங்க போயி என்னத்த மிச்சம் பிடிக்கப் போறிய? அந்த வார்டனுக்குப் பாராட்டுக் கடிதம் ஒண்ணு அனுப்பணும்” என்றார்.

நான் பேச வேண்டியதையெல்லாம் பேசினேன். சேமிப்பு வாய்ப்பு இல்லாத கட்டடம் என்று வகைப்படுத்தி, விடுதியைத் தொகுப்பிலிருந்து நீக்கினார்கள். பாராட்டுக் கடிதம் மட்டும் தாமதமின்றிப் போய்ச் சேர்ந்தது.

3. வளைக்கப்பட்ட இறக்கைகள்

செய்தியைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை, நேரில் போனேன். கேட்டுக்கொண்ட ஜெபக்கனி டீச்சர், எங்கள் தொகுப்பில் இருந்த பெரிய அலுவலகக் கட்டடத்தில் கழற்றப்போகும் பழைய மின்விசிறிகளையாவது விடுதிக்குத் தருவார்களா என்று கேட்டார். அவை நன்றாகச் சுழல்பவை என்று எனக்கும் தெரியும். ஆனால் கழற்றிய சாதனத்தை மறுபடி பயன்படுத்த முடியாதபடி சிதைத்து, படம் எடுத்து, ஸ்க்ராப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். இல்லாவிட்டால் அது வேறோர் இடத்தில் ஓடி, காகிதத்தில் சேமித்த மின்சாரத்தை அங்கே தின்னும். இந்த விதிக்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. விலக்குக் கேட்டு எழுதுகிறேன் என்றேன், எழுதினேன். சிதைக்கும் நாள்வரை பதில் வரவில்லை. அதையும் அவரிடம் தெரிவித்திருந்தேன்.

தெரிந்தும் அவர் அன்று லோடு ஆட்டோவோடும் கயிற்றோடும் வந்து நின்றார். விடுதிச் சமையல்கார அம்மாவும் உடன் வந்திருந்தார். அலுவலக முற்றத்தில் மின்விசிறிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் ஒவ்வொன்றாகக் கல்லின்மேல் சாய்த்து, இறக்கையைச் சம்மட்டியால் வளைத்துக்கொண்டிருந்தார்.

“கடைசி நேரத்துல உத்தரவு வந்தாலும் வரும்லா, அதான் வண்டிய கையோட கூட்டிட்டு வந்தேன்” என்றார் டீச்சர்.

சேர்மத்துரை சார் தாமே அவரிடம் போய், உத்தரவு வரவில்லை என்று சொன்னார். டீச்சர் குவியலின் ஓரத்தில் நிமிர்ந்து கிடந்த ஒரு மின்விசிறியை விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

“நல்லாத்தான சுத்துது” என்றார், யாரையும் பார்க்காமல்.

சம்மட்டியோடு நின்றவர் தயங்கினார். “அண்ணாச்சி, இதையும் அடிக்கவா?”

சார் தலையசைத்தார். அது சுற்றி நிற்கும்வரை அந்த ஆள் காத்திருந்தார். டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார். படம் எடுக்க வேண்டியது என் பணி, எடுத்தேன். லோடு ஆட்டோ கயிற்றோடு வெறுமனே திரும்பிப் போனது.

4. இப்போது நான் முதலில் கேட்பது

அந்தத் தொகுப்பு உத்தரவாதம் கொடுத்த சேமிப்பை எட்டியது. அலுவலகங்களில் புதிய மின்விசிறிகள் ஓசையின்றி ஓடுகின்றன. விடுதி மாணவிகள் அந்த ஆண்டுப் பொதுத்தேர்வுக்குப் பழைய புழுக்கத்திலேயே படித்தார்கள்.

அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், கருவியை மாட்டுவதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: இங்கே எதையெல்லாம் போடாமல் இருக்கிறீர்கள், ஏன்? பதிலை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். சில அலுவலர்கள் படிக்கிறார்கள், பலர் அடித்துவிடுகிறார்கள். குறைந்த பயன்பாடு சிக்கனத்தாலும் வரலாம், அச்சத்தாலும் இல்லாமையாலும் வரலாம். மூன்றையும் கருவி ஒரே கோடாகத்தான் வரையும். இந்தப் பணிக்கு வருகிற இளைஞர்கள் இதை முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். அறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

பணி ஓய்வுக்குச் சற்று முன்பு ஜெபக்கனி டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அடுத்தவாட்டி அளக்க வாரும்போது முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லுவியாம்மா? சுத்துத ஃபேன் எல்லாத்தையும் ராப்பகலா போட்டு வைக்கச் சொல்லுதேன்.”

சிக்கனமான கட்டடங்களின் பட்டியலில் அந்த விடுதி சேர்க்கப்பட்டுவிட்டது என்றும், அந்தப் பட்டியலில் இருப்பவற்றை மறுபடி யாரும் அளக்க வருவதில்லை என்றும் நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.