கட்டியின் நடுவில் காற்று இல்லை

என் அக்காளைப் பைத்தியம் என்று சொன்னது நீங்கள்தான். புத்தி பேதலித்தவர்களைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் உங்கள் குற்றாலத்து வீட்டு வாசலில் வைத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னீர்கள்.

அவளை இலஞ்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதலில் தலைவலிதான் வந்தது. காலையில் எழுந்ததும் வலி, பிறகு வாந்தி. வாந்தியைப் பார்த்து, மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று மாமியார் சந்தோஷப்பட்டாள். அது இல்லை என்றானதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் அக்காள் காரணமில்லாமல் சிரித்தாள். உலையில் அரிசிக்குப் பதில் உப்பைக் கொட்டினாள். யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவள் தெருவில் போகிறவர்களை ஏசினாள். எங்கள் பக்கத்தில் இப்படியானால் அருவிக்குத்தான் கூட்டிப்போவார்கள். தலையில் தண்ணீர் விழ விழ சூடு இறங்கித் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை. அத்தானும் அவளை உங்களிடம் கொண்டுவந்து விட்டார். துணைக்கு நான் இருந்தேன்.

தலையை மழித்து மூலிகை எண்ணெய் தேய்த்தீர்கள். மொட்டையைத் தடவிக்கொண்டே அக்காள் என்னிடம், “ஏட்டி, பண்பொழி மலைக்கு நேர்ந்திருந்த முடியை இந்த ஆளு வாங்கிட்டாரே. முருகன் இவரைச் சும்மா விடுவானா?” என்றாள். இருவரும் சிரித்தோம். பைத்தியம் இப்படிப் பேசுமா என்று உங்களிடம் வந்து கேட்டேன்.

“தெளிவாப் பேசுத மாதிரிதான் இருக்கும் தாயி. இந்த நோயோட சூதே அதுதான்” என்றீர்கள்.

சாரல் நன்றாகப் பிடித்த காலம். தண்ணீர் கல் விழுவதுபோல் விழுந்தது. தினமும் விடிந்ததும் உங்கள் வேலைக்காரிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை அதற்கடியில் நிறுத்தினார்கள்.

“தலை பொளக்கு. விடுங்கட்டி என்னை.”

“வலிக்கத்தான் செய்யும். சூடு இறங்குதுல்லா” என்று தள்ளி நின்று சொன்னீர்கள்.

ஒரு நாள் மாற்றுச்சேலையை நீட்டினேன். அவள் கை அதற்குப் பக்கத்தில் காற்றைத் துழாவியது. “எங்கன வச்சிருக்கே? ஒண்ணுமே தெரியலட்டி, மங்கலா இருக்கு” என்றாள். ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். எண்ணெய் கண்ணில் இறங்கியிருக்கும் என்றீர்கள். இன்னும் ஒரு மண்டலம் இருக்கட்டும் என்றீர்கள். அத்தான் தலையாட்டினார். மறுநாளும் அவளை அருவியில் நிறுத்தினீர்கள்.

அவள் விழுந்து கைகால் வெட்டி இழுத்த பிறகுதான் அத்தானுக்குப் பயம் வந்தது. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். வெள்ளையாக ஒரு வளையம், நடுவில் கறுப்பு.

“இது கட்டி. நடுவிலே கறுப்பா இருக்கில்லே, அங்கே ரத்தம் போகலை. ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்ஸிஜன் போகாது. ஆக்ஸிஜன் கம்மியா இருக்கிற இடத்திலே கரண்ட் சரியா வேலை செய்யாது” என்றார். கட்டியைக் கருக்கக் கதிர்வீச்சு கொடுப்பதைக் கரண்ட் வைப்பது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

“ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்குன்னு அளந்துபாத்து, அதுக்குத் தக்கன வைக்கலாம்லா?” என்று கேட்டேன்.

“இந்தப் படத்திலே கட்டியோட உருவம்தான் தெரியும். ஆக்ஸிஜனை அளக்க இங்கே மெஷின் இல்லை. வெளிநாட்டிலே முயற்சி செய்யறாங்க.”

“முன்னாடியே கொண்டுவந்திருந்தா?”

அவர் படத்தைக் கழற்றி உறையில் போட்டார். “உயிரைப் பத்தி உறுதி சொல்ல மாட்டேன். கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்.”

தலையைத் திறந்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். கரண்டும் வைத்தார்கள். இலஞ்சிக்குத் திரும்பிய அன்று மாமியார் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், “பைத்தியம் இல்லையாம் மதினி, கட்டிதானாம். பைத்தியம் இருக்குத வீடுன்னு இனி யாரும் ஒதுங்க மாட்டாக, எம்மவளுக்கு மாப்பிள்ளை வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே கண் தெரியாமல் படுத்திருந்த அக்காள் அதைக் கேட்டாள்.

“பாத்தியாட்டி, நான் பாஸாயிட்டேன்.”

நான் சிரிக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு வேடிக்கை எதுவும் பேசவில்லை. கட்டி திரும்ப வளர்ந்தது. அடுத்த சாரலைப் பார்க்க அவள் இல்லை.

கட்டியை நீங்கள் வைக்கவில்லை. அதற்குள் எவ்வளவு காற்று இருந்தது என்று படித்த டாக்டராலேயே அளக்க முடியவில்லை. உங்களுக்கு அது ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் வாய்விட்டுச் சொன்னதைத்தான் கேட்கிறேன். தலை பிளக்கிறது என்றாள், கண் தெரியவில்லை என்றாள். ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று அத்தானிடம் நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உங்கள் பேச்சை அவர் தட்டியதே இல்லை.

இந்த சீசனில் தென்காசியில் உங்களுக்குப் பாராட்டு விழா என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். நான் வருவேன், முன்னால்தான் உட்காருவேன். சால்வையைப் போர்த்தி மைக்கை உங்கள் கையில் கொடுத்ததும் பதில் சொல்லுங்கள். கண் தெரியவில்லை என்றவளை மறுநாளும் ஏன் அருவியில் நிறுத்தினீர்கள்? தனியாக வந்து என்னிடம் சொல்ல வேண்டாம். அத்தனை பேருக்கும் கேட்கும்படி அந்த மேடையில் சொல்லுங்கள்.