பதினோரு மணி மல்லாட்டை

திண்டிவனத்தில் விதை விற்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்குப் பயிர்ப் பட்டியலைத் திறந்தால், வேர்க்கடலை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மல்லாட்டை' என்று இருந்தது. டைப் செய்த பெண்ணைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினேன். "எல்லாரும் அப்படித்தானே சொல்லிக்கினு இருக்காங்க சார்" என்றாள். என் வீட்டிலும் அப்படித்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. ஆபீஸ் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா? நானே அந்தச் சொல்லை அழித்தேன்.

அதோடு சேர்ந்து, அதன்கீழ் பதிந்திருந்த ஒலக்கூர், வல்லம் விவசாயிகள் அத்தனை பேரின் விவரமும் போய்விட்டது.

கம்பெனித் தகவலையெல்லாம் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டியை மாட்டிக்கொடுத்த இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அந்தப் பெட்டி மணிக்கொரு தரம் எல்லாத் தகவலையும் அந்த நேரத்தில் இருந்தபடியே ஸ்நாப்ஷாட் எடுத்து வைக்கிறதாம். பதினோரு மணி நிலைக்குத் திரும்பலாம், ஆனால் அதற்குப் பிறகு செய்தது எதுவும் இருக்காது என்றார். அவர் சொல்லச் சொல்லப் பட்டன்களை அழுத்தினேன்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் விவசாயிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெயர், ஊர், ஏக்கர், ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. போன நேரம் திரும்பி வந்து திரையில் உட்கார்ந்திருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே 'மல்லாட்டை', ஒன்றுமே நடக்காதது போல.

"பதினோரு மணிக்கே வந்துட்டோம், பாரும்மா" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அப்படின்னா நீங்க இன்னும் என்னைத் திட்டலைங்க சார்."