கஞ்சி போட்ட வயர்

அமீர் நிஷா வயரின் தடிமனைப் பார்த்து மயங்குகிறவர் அல்ல. நுனியைச் சீவி, உள்ளே இருக்கும் செம்பு இழைகளைப் பிரித்து எண்ணுவார். அவருடைய வாப்பா காரைக்காலிலிருந்து வியட்நாமின் சைகோனுக்கு வந்த ஜவுளி வியாபாரி. கஞ்சி போட்டு விறைப்பேற்றிய துணியை நம்பாமல் நூலை எண்ணியவர். எழுபத்தைந்தில் ஆட்சி மாறிய பிறகு அங்கே கடை போயிற்று. எண்ணும் பழக்கத்தோடு மகள் கார் வயரிங் வேலைக்கு வந்தார். முப்பது வருஷமாக அங்கேயே பென் தான் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் அதுதான் பிழைப்பு.

அவரைப் போய் அரைகுறை என்றார் வள்ளியப்பன்.

வள்ளியப்பன் நகரின் நடுவே, டிஸ்ட்ரிக்ட் 1-இல் உணவகம் நடத்துபவர். ஹோட்டல்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேனில் குளிர்பெட்டி வைக்க, தானே ஒரு வயர்ச் சுருளை வாங்கி நிஷாவிடம் கொண்டுவந்தார். பார்வைக்கு நல்ல தடிமன். நிஷா சீவிப் பார்த்தார். தடிமன் எல்லாம் பிளாஸ்டிக், செம்பு பேருக்குத்தான் இருந்தது.

“இது கஞ்சி போட்ட துணிண்ணே. வேணாம்.”

“பன்னெண்டு வோல்ட்டுதானேம்மா? தொட்டாக்கூட ஷாக் அடிக்காது.”

“வோல்ட்டு கம்மின்னா கரண்டு ஜாஸ்தி இழுக்கும். பேட்டரி முன்னாடி, பெட்டி பின்னாடி, தூரமும் கூட. செம்பு போதாட்டி சூடாகிப் பத்திக்கும்.”

அவர் கேட்கவில்லை. வேறொருவரை வைத்து அதே வயரைப் போட்டார். வயர் சூடாகிப் பற்றாமல் காக்கும் ஃபியூஸ் அறுந்துபோனது. அதோடு விட்டாரா? இன்னும் பெரிய ஃபியூஸைச் செருகச் சொன்னார். காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்துவைத்த மாதிரி! மூன்றாம் நாள் நட்டநடுத் தெருவில் வயர் பற்றிக்கொண்டு வேனுக்குள் புகை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமையல்காரி ராக்கம்மைக்கு வலது கை வெந்துபோயிற்று.

அதற்குப் பிறகு இந்த மனிதர் செய்ததுதான் அநியாயம். “அரைகுறை வேலை. நிஷா பாத்த வண்டிதான்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நிஷாவின் சந்துக்கு வண்டிகள் வருவது நின்றது.

ஒரு வாரம் பொறுத்தார் நிஷா. பிறகு ஒரு மத்தியானம், ஆட்கள் நிறைந்திருந்த உணவகத்துக்குள் நேராக நுழைந்தார். வாசலில் நின்ற வேனிலிருந்து பிடுங்கிய கரிந்த வயரைக் கல்லாவின் மேல் போட்டார்.

“இதை நான் போட்டேனாண்ணே? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

கட்டுப்போட்ட கையோடு ராக்கம்மை அடுக்களையிலிருந்து வந்தார். “அந்த அக்கா என் காது கேக்கவே வேண்டாம்னுதான் சொன்னாக. நீங்கதான் போடச் சொன்னீக.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என் தப்புதான். நீயே போட்டுக் குடும்மா” என்றார் வள்ளியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“போடுறேன். ஆனா இனிமே ராக்கம்மை முன்னாடி உக்காரட்டும். பெட்டி பக்கத்துல நீங்க உக்காருங்க.”

நிஷா பையிலிருந்து புது வயரை எடுத்து, நுனியைச் சீவி நீட்டினார். வள்ளியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.