சிறுத்தைப் புழுவுக்கு வெந்நீர்

செம்பூரில் மகள் வீட்டில் புது ஃபிளாஸ்க் வாங்கியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு சூடு என்பதை மூடியே எண்ணில் காட்டுகிறது. மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் காப்பி ஞாபகம் வரும்; எனக்கு ஒரு சிறுத்தையின் நுரையீரல் ஞாபகம் வந்தது. கால்நடை மருத்துவனோடு சிநேகம் வைத்துக்கொண்டால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் ஞாயிறு. தேதியும் தெரியும், சொன்னால் மனைவி சிரிப்பாள். அப்போது ஆடு வெட்டும் கூடத்தில் எனக்கு வேலை. தொங்கும் இறைச்சியைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையில் கொழுப்பு வாடை போகாது. மாட்டுங்கா வீட்டில் அப்பா அதை "ஹெல்த் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிச் சமாளித்துவந்தார். வெளியேற எனக்குத் தெரிந்தது ஒரே வழி. காட்டுவிலங்குகளின் ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர் பரேலில் உதவியாளர் தேடிக்கொண்டிருந்தார். "உருப்படியா ஒரு புழு கொண்டுவா, பார்க்கலாம்" என்றிருந்தார். அன்று இரவு மெயில் வண்டியில் அவர் டெல்லி போகிறார். போனதும் உதவியாளர் பெயரை அங்கே கொடுத்துவிடுவார்; அதற்குள் நான் புழுவைக் காட்டியாக வேண்டும்.

அன்று காலை பாண்டுப் மலைச்சரிவில் ஒரு சிறுத்தை செத்துக் கிடந்தது. காட்டிலாகா அனுமதியோடு அறுத்தேன். நுரையீரலில் காப்பிக்கொட்டை அளவில் செம்பழுப்பாகத் தட்டைப்புழுக்கள், உயிரோடு! உடல் சூட்டில் உப்புநீர் ஊற்றிய ஃபிளாஸ்கில் அவற்றைப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

குர்லா தாண்டியதும் தண்டவாளம் முழுகி வண்டி நின்றது. கை அசைக்க இடமில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை மடியில் வாங்கிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். தாராவிக்குப் போகும் திருநெல்வேலி அம்மாள் ஒருவர் என் ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டார்.

"காப்பியா அண்ணாச்சி? மணமே இல்லியே."

"காப்பி இல்லைம்மா. சிறுத்தையோட புழு. உசிரோட இருக்கு."

பக்கத்து ஆள் "அரே பாப்ரே" என்று எழுந்தே விட்டார். அம்மாள் அசரவில்லை.

"எங்க வீட்டு ஆளு தோல் பட்டறைல வேல பாக்காவ. நான் பாக்காத புழுவா! அதுக்கு எதுக்கு ஃபிளாஸ்கு?"

"சூடு ஆறினா செத்துடும்."

உள்ளே இருப்பது அளவான சூட்டில் உப்புநீர், வேறெதுவும் சேரக்கூடாது என்று சொல்வதற்குள், இறங்கிப் போக முண்டியவர்கள் என்னைக் கதவோரம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெகுநேரம் கழித்து, முழங்கால் தண்ணீரில் நடந்துவந்த தாராவிக்காரர்கள் ஜன்னல் வழியாக டீயும் வெந்நீரும் கொடுத்தார்கள். தலைகளுக்கு நடுவே அந்த அம்மாள் என் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகுவது தெரிந்தது.

"வேண்டாம்மா! ஊத்தாதீங்கோ!"

"சும்மா கெடங்க அண்ணாச்சி, காசா பணமா? அதுவும் ஒரு சீவன்தான, குளுருமில்லா!"

"நிஜமாவே வேண்டாம்மா!"

"பாத்தியளா, அண்ணாச்சிக்கு வெக்கத்த!"

பெட்டியே சிரித்தது. என் கைகள் இரண்டும் யார் யாருடைய முதுகுகளுக்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. அவர் விளிம்புவரை ஊற்றினார், மூடியை இறுக்கினார், சூடு போகாமல் சேலைத் தலைப்பால் சுற்றியும் வைத்தார்.

ஒருவழியாக வண்டி நகர்ந்து, ஃபிளாஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்ப் பரேலில் திறந்தபோது வெந்து கரைந்த பழுப்புத் துணுக்குகள்தான் மிதந்தன. பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். திங்கட்கிழமை நான் மறுபடி முத்திரையை எடுத்தேன்.

அங்கிருந்து விடுபடப் பல வருடமாயிற்று. வேறு வாசல் வழியாகக் காட்டுவிலங்குகளிடம் போய்ச் சேர்ந்து, மானிலிருந்து யானைவரை வயிறுகளைப் பார்த்து, ஓய்வும் பெற்றேன். அந்தப் புழுவை மட்டும் மறுபடி பார்க்கவில்லை. ஓடை நண்டுக்குள் வளர்ந்து, நண்டைத் தின்னும் சிறுத்தைக்குள் போவது அது. போன மழைக்குப் பாண்டுப் சரிவுக்குப் போனேன். சிறுத்தைகள் இன்னும் வருகின்றனவாம். அடுக்குமாடிக் காவலாளி செல்போனில் படம் காட்டினார். ஓடைக்கு சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். நண்டு இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க ஒரு கல்கூட இல்லை.