இன்னும் ஏரியே தாண்டல

எங்கள் ஊர்ப் பழைய ரயில்வே ஸ்டேஷனை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை செல்வியோடு பார்க்கப் போனேன். மூடும் நேரம் வந்ததும் காவலாளி, வாசலில் பழைய ஸ்டேஷன் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடித்தார்.

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீடே ஓடியது. ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. மணி அடித்தால் ரயில் முந்தைய ஸ்டேஷனை விட்டுவிட்டது, ஏரியைத் தாண்டினால் எங்கள் ஊர் என்று அர்த்தம். காலை வண்டியைத் தவறவிட்டால் அப்பாவுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அவரோ மணி கேட்ட பிறகுதான் சாப்பிடவே உட்காருவார்.

"வண்டி வந்துகினு கீது, எந்திரிய்யா!" என்று அம்மா கத்துவாள்.

"இன்னும் ஏரியே தாண்டல. கொஞ்சம் ரசம் ஊத்து."

கடைசி வாய்ச் சோற்றை மென்றபடியே ஓடுவார். டிபன் பாக்ஸை மறந்துவிடுவார். சூடு நெஞ்சில் சுட, அதை அணைத்துக்கொண்டு செல்வி ஓடுவாள், பின்னாலேயே நான். ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

இப்போது மணி கேட்டுக் கூட்டம் வாசலுக்குப் போனது. நாங்கள் மட்டும் பிளாட்பார விளிம்பில் நின்று ஏரிப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாம்மா பாக்குறீங்க? மூடணும், கெளம்புங்க" என்றார் காவலாளி.

செல்வி கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"இருங்கண்ணே, இன்னும் ஏரியே தாண்டல."